உள்ளே எடை கிடையாது

குழாய் உருட்டும் ஷெட்டில் சேர்ந்த மூன்றாவது வாரமே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எவாஞ்சலின் வேலை செய்ய வேண்டாம் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். அவளுடைய பங்குக் குழாய்களை ஆளுக்குக் கொஞ்சமாக அவர்களே உருட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

வாசிக்கத் தாளுக்குப் பஞ்சமில்லை. வெடிக்குக் குழாய் உருட்ட வருவதெல்லாம் கழித்த தாள்தான். திருத்தி முடித்த பரீட்சைப் பேப்பர், பெயர் தப்பாக அச்சான கல்யாணப் பத்திரிகை, பழைய வாரப் பத்திரிகை, சிவகாசி அச்சகங்களில் மை கூடியோ குறைந்தோ வீணான புத்தகத் தாள். எதிலும் தொடக்கமும் முடிவும் சேர்ந்து கிடைக்காது. கதை பாதியில் நின்றுவிட்டால் கூட உருட்டும் அய்யம்மாள் ஒரு முடிவு சொல்வாள். அவள் சொல்லும் முடிவுகளில் பெரும்பாலும் யாராவது யாருடனாவது ஓடிப்போவார்கள்.

எவாஞ்சலின் பிளஸ் டூவில் கணக்கில் இரண்டு முறை தோற்றவள். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாவது தோல்விக்குப் பிறகு அவர் அவளோடு பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பது இன்னும் அவள்தான். வேறு குரலில் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. காணாமல் போன எருமைக்குக் கொடுத்த விளம்பரத்தை வாசித்தாலும் கேட்பவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள்.

அந்த ஆவணி மாதம், பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய ஒரு புத்தகத்தின் தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஒரு தாளில் பதினாறு பக்கம். மடித்தால்தான் வரிசை வரும். அந்த ஊர்ப் பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அய்யம்மாள் மூன்று மடிப்பில் மடித்து, ஓரத்தை நகத்தால் கிழித்து, புத்தகமாகவே கையில் கொடுத்தாள்.

செல்லத்தாய் ஷெட்டுக்குத் திரும்பி வந்ததும் அதே வாரத்தில்தான்.

அவளுடைய மகள் பொன்மணி சாத்தூர்ப் பக்கம் வேறொரு வெடி கம்பெனியில் குழாய்க்குள் மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயது. ஆனி மாதக் கடைசியில் அந்த அறை வெடித்தது. வருகைப் பதிவேட்டில் பதினோரு பேர். கம்மல், மெட்டி, இடுப்புக்கயிறு என்று ஏதாவது ஒன்றை வைத்துப் பத்து உடலுக்குப் பெயர் கிடைத்தது. பதினோராவதாக விருதுநகர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் ஒரு பை இருந்தது. அதைத்தான் செல்லத்தாயிடம் காட்டினார்கள். அவள் நன்றாகப் பார்த்தாள். "இது எம்மக இல்ல" என்றாள். அப்படியானால் ரத்தம் கொடுங்கள், சென்னைக்கு அனுப்பிச் சோதித்துவிடலாம் என்றார்கள். அவள் கொடுக்கவில்லை. இந்த மாதக் கடைசிவரை பையை வைத்திருப்பார்கள். அதற்குள் அவள் போகாவிட்டால், கேட்பாரற்றது என்று எழுதிப் புதைத்துவிடுவார்கள்.

இது ஷெட்டில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்காக எல்லோரும் வருத்தப்படத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் செல்லத்தாய் அழவில்லை. வந்து உட்கார்ந்தாள், பசைச் சட்டியை இழுத்து வைத்தாள், உருட்டினாள். அழாதவளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது மற்றவர்களுக்கு எரிச்சலாக இருந்தது.

"முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வானியலார்," என்று எவாஞ்சலின் வாசித்தாள், "காந்த ஊசி ஆண்டுக்கு ஆண்டு திசை மாறுவதைக் கண்டு வியந்தார். பூமி ஒரே உருண்டை அன்று. பானைக்குள் பானை வைத்ததுபோல் ஓட்டுக்குள் ஓடு, அதற்குள் இன்னோர் ஓடு என்று அவர் முடிவு செய்தார். ஒவ்வோர் ஓடும் தனித்தனியே சுழல்கிறது. ஓடுகளுக்கு நடுவே உயிர்கள் வாழலாம். அங்கே காற்றே ஒளிவிடும். அந்த ஒளி கசிந்துதான் வடகோடி வானத்தில் பச்சையாகத் தெரிகிறது."

"பச்சையாவா? பேரியம் போட்டுருப்பாக," என்றாள் அய்யம்மாள். பச்சைத் தீ வர எந்த உப்பைச் சேர்ப்பார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததால் ஷெட்டே சிரித்தது.

மறுநாள், அமெரிக்காவில் ஒரு பழைய ராணுவ கேப்டனைப் பற்றி வந்தது. பூமியின் இரு முனையிலும் பெரிய வாய் இருக்கிறது, கடல் அந்த விளிம்பில் வழிந்து உள்ளே போகிறது, கப்பலில் இருப்பவருக்கு உள்ளே போனதே தெரியாது என்று அவர் நம்பினார். தன்னோடு வர நூறு துணிச்சல்காரர்கள் வேண்டும் என்று உலகத்துக்கே கடிதம் எழுதினார். அதற்கு மறுநாள் புத்தகத்தில் வந்த ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், நாம் வாழ்வதே உருண்டையின் உட்புறத்தில்தான், சூரியன் நடுவில் தொங்குகிறது என்றான்.

"அதான பாத்தேன்," என்றாள் அய்யம்மாள். "அண்டாவுக்குள்ள கெடந்தா இம்புட்டு வேக்காடு இருக்கத்தான செய்யும்."

அப்போதுதான் செல்லத்தாய் முதல் தடவையாகப் பேசினாள்.

"ஏத்தா, உள்ள இருக்கவுகளுக்குச் சோறு தண்ணிக்கு என்ன செய்வாக?"

"யாருக்கு அத்தே?"

"உள்ள போனவுகளுக்கு."

உருட்டும் சத்தம் நின்றது. அய்யம்மாள் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். எவாஞ்சலின் பக்கத்தைப் புரட்டி, அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

மறுநாள் எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டு முடித்தார்கள். செல்லத்தாய் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு எவாஞ்சலினுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஏழாவது தாள், தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை. கடைசிப் பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது:

"உள்ளீடற்ற உருண்டைக்குள் ஒருவர் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள ஓடு அவரை எல்லாப் பக்கமும் இழுக்கும். அந்த இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உள்ளே எடை கிடையாது. விழுந்தவர் மிதப்பார். ஆகவே"

அதோடு தாள் முடிந்துவிட்டது. எட்டாவது தாள் கட்டில் இல்லை. அச்சகத்தில் அது அந்த வாரம்வரை அச்சேறியிருக்கவே இல்லை.

"ஆகவே?" என்றாள் செல்லத்தாய்.

எவாஞ்சலின் தலை நிமிர்ந்தாள். கையில் பசையோடு பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாயின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எவாஞ்சலின் மறுபடி தாளைப் பார்த்தாள். அடியில் விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அதைப் பார்த்தபடி அதே குரலில் தொடர்ந்தாள்.

"ஆகவே உள்ளே போனவர்களுக்கு அடிபடுவதில்லை. தீப்புண் ஆறிவிடும். பசி இல்லை. மேலே இருப்பவர்கள் தங்களை நினைப்பதை அவர்கள் அறிவார்கள்."

அய்யம்மாளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அவள் எட்டி, எவாஞ்சலினின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தாள். பிறகு எவாஞ்சலினைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

"வெடிச்ச எடத்துல பள்ளம் விழுந்து கெடந்துச்சு," என்றாள் செல்லத்தாய், தனக்குத்தானே சொல்லிக்கொள்பவள்போல. "கெணத்து ஆழம். நான் பாத்தேன். மூடுறதுக்கு முந்தி பாத்தேன்."

எவாஞ்சலினுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட இனிப்பாக இருந்தது. அவள் சொன்னதை ஒருவர் இப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது அவளுக்கு அதுவே முதல் தடவை.

அதற்குப் பிறகு பத்து நாள் ஷெட்டுக்குத் திருவிழாதான்.

போர்மேன் உக்கிரபாண்டி காலையில் தாள் கட்டை இறக்கிப் போடும்போதே ஆரம்பிப்பார். "என்ன செல்லத்தாய், மக லெட்டர் போட்டாளா கீழயிருந்து?"

"இல்ல அண்ணாச்சி."

"போடுவா, போடுவா. அங்கன தபால்காரன் மெதந்துல்ல வரணும்."

ஒரு நாள் அய்யம்மாள் வேலைக்கு நடுவே கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள். குனிந்து சிமெண்டுத் தரையில் காதை வைத்தாள். "கொலுசுச் சத்தம் கேக்குதுடீ," என்றாள். செல்லத்தாய் பலகையை விட்டு எழுந்து வந்தாள். அய்யம்மாள் காட்டிய இடத்தில் குப்புறப் படுத்து, காதைத் தரையில் ஒட்டினாள். வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சிரிப்பில் ஒருத்தியின் பசைச் சட்டி கவிழ்ந்தது. செல்லத்தாய் எழுந்தபோது அவள் கன்னத்தில் தரையின் புள்ளிகள் பதிந்திருந்தன.

"எனக்குக் கேக்கல," என்றாள். "எங்காது அடைச்சிருக்கு போல. நீ இன்னொரு தரம் கேட்டுச் சொல்லு அய்யம்மா."

எவாஞ்சலினும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தன்னை என்ன சொல்வார்களோ என்று முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை.

வட முனைக்கு எப்படிப் போவது என்று செல்லத்தாய் கேட்டபோது, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கேளு என்றார் உக்கிரபாண்டி. அவள் நிஜமாகவே போய்க் கேட்டிருக்கிறாள். மதுரையில் இறங்கி மாறணும் என்று கண்டக்டர் சொன்னாராம். அதை அவள் வந்து சொன்ன நாளில் ஷெட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

தினமும் வேலை முடிந்ததும் அவள் எவாஞ்சலினோடு கேட் வரை நடந்து வருவாள். "அவளுக்கு அன்னைக்குக் காய்ச்சல் தாயி," என்று ஒருமுறை சொன்னாள். "வேண்டாம்மான்னுதான் சொன்னா. சீசன் நேரத்துல லீவு போட்டா ஏசுவாகன்னு நான்தான் வெரட்டிவிட்டேன். அந்தக் காய்ச்சலு அங்கன போயி விட்டுருக்கும்ல?"

"விட்டுருக்கும் அத்தே," என்றாள் எவாஞ்சலின்.

மாதக் கடைசி வந்த வாரம், திங்கட்கிழமை, ஏட்டு ஊர்க்காவலன் மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தோடு ஷெட்டுக்குள் வந்தார்.

"வியாழக்கெழம கடைசிம்மா. வந்து ரத்தம் குடுத்துரு. வரலேன்னா அநாதைப் பொணம்னு எழுதிப் பொதைச்சுருவாக. அப்புறம் தோண்டிக் குடுங்கன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"பொதைக்கட்டும் சார். அது யாரோ."

"யாரோன்னு ரத்தம் குடுத்தாத்தான தெரியும்?"

"எம்மக உள்ள இருக்கா சார்."

"உள்ளயா? எந்த ஜெயில்ல?"

ஷெட் வெடித்துச் சிரித்தது. ஏட்டுக்குப் புரியவில்லை. உக்கிரபாண்டி அவரை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். ஏட்டு சிரிக்கவில்லை. புத்தி பேதலித்த பொம்பளையை வெடி கம்பெனிக்குள் வைத்து வேலை வாங்குகிறீர்கள், விளையாட்டுக்குத் தரையில் படுக்கப் போடுகிறீர்கள் என்று எழுதினால் லைசென்ஸ் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார்.

உக்கிரபாண்டி திரும்பி வந்தபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. நேராக எவாஞ்சலினிடம் வந்தார்.

"ஏத்திவிட்டது நீதான? நீயே எறக்கு. வியாழக்கெழம அவ ஆஸ்பத்திரியில நிக்கணும். இல்லேன்னா வெள்ளிக்கெழம நீ இங்கன நிக்க மாட்ட."

செவ்வாய்க்கிழமை வந்த லோடில் எட்டாவது தாள் இருந்தது. அய்யம்மாள்தான் கண்டுபிடித்தாள். மடித்து, கிழித்து, எவாஞ்சலினின் மடியில் வைத்தாள். எவாஞ்சலின் முதல் பக்கத்தை மனத்துக்குள் வாசித்தாள். தாளை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்றாள் அய்யம்மாள்.

"அத்தைய வெளிய கூட்டிட்டுப் போயி தனியா சொல்லிர்றேன்கா."

"அதெப்பிடி? அன்னைக்கு எல்லாரும் கேட்டோம். இன்னைக்கும் எல்லாரும் கேக்கணும்ல. ஒக்காரு."

"ஒக்காரு தாயி," என்றாள் செல்லத்தாயும். "எல்லாரும் கேக்கட்டும். நெறைய வந்துருக்கா?"

எவாஞ்சலின் உட்கார்ந்தாள். மெல்லிய குரலில் ஆரம்பிக்கப் பார்த்தாள். வரவில்லை. ஆலயத்துக் குரல்தான் வந்தது.

"அங்கே எவரும் நிற்கவோ நடக்கவோ, ஒரு குடத்தில் தண்ணீரை நிறுத்தவோ இயலாது. உள்ளே ஓர் உலகம் உண்டு என்பது அழகான கற்பனை, அவ்வளவே. பெரிய மலைக்கு அருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். அந்த அளவைக் கொண்டு பூமியையே எடை போட்டார்கள். மேலே உள்ள பாறையைவிட உள்ளே இருப்பது மிகவும் கனமானது என்று தெரிந்தது. நிலநடுக்கத்தின் அலைகள் ஊடுருவிச் செல்லும் விதமும் அதையே காட்டுகிறது. பூமிக்குள் இருப்பது பாறையும் இரும்பும் வெப்பமும் மட்டுமே. ஓர் ஆள் நுழைய அங்கே இடமில்லை."

செல்லத்தாய் கையை நீட்டினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். உருட்டிய குழாய்களை எண்ணிக் கட்டும்போது அட்டையில் எண்ணைக் குறிப்பவள் அவள். எவாஞ்சலின் பத்திரமாக வைத்திருந்த ஏழாவது தாளைக் கேட்டு வாங்கினாள். அதன் கடைசிப் பக்கத்தையும் இதன் முதல் பக்கத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூலையில் இருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நூத்திப் பன்னெண்டு. நூத்திப் பதிமூணு," என்றாள். "நடுவுல ஒண்ணும் இல்லையே."

"இல்ல அத்தே."

"அப்ப அடிபடாதுன்னு வாசிச்சது?"

"அது நானாச் சொன்னது."

"புண்ணு ஆறும்னது?"

"நானாச் சொன்னது."

"பசிக்காதுன்னது?"

எவாஞ்சலின் தலையாட்டினாள்.

"நாம நெனைக்கிறது அவளுக்குத் தெரியும்னது?"

"அதுவுந்தான் அத்தே."

"மெதக்கிறது?"

"அது புத்தகத்துல இருக்கு. ஆனா அது... அப்பிடி ஒண்ணு இருந்தாத்தான்."

செல்லத்தாய் இரண்டு தாளையும் எடுத்து நீவி, ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தார்கள். இரண்டு மாதமாக வராத அழுகை. பெண்கள் பசைக் கையோடு ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கட்டிப்பிடித்தார்கள். சேர்ந்து அழுதார்கள். அய்யம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். செல்லத்தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடியைக் கோதிவிட்டு, "அழுதுரு, அழுதுரு எந்தாயி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும் மனசு லேசானது. அன்று மாலை எண்ணிக்கையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

வியாழக்கிழமை எவாஞ்சலின்தான் கூடப் போனாள். ரத்தம் கொடுத்த பிறகு, பையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள் செல்லத்தாய். பிணவறை ஆள் யோசித்துவிட்டுக் கதவைத் திறந்தார். அவள் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கை வைத்தாள்.

"அன்னைக்கு யாரோன்னு சொல்லிட்டேன்," என்றாள் பையிடம். "கோவிச்சுக்கிறாத பொன்மணி. அம்மாவுக்கு அடையாளம் தெரியல."

முடிவு வர எழுபது நாள் ஆனது. அந்த எழுபது நாளும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் விருதுநகருக்கு பஸ் ஏறினாள். எல்லா வாரமும் கதவைத் திறக்க மாட்டார்கள். அவள் பிணவறைச் சுவரில் சாய்ந்து, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். உள்ளே குளிராக வைத்திருக்கிறார்கள், பொன்மணிக்குக் குளிர் ஆகாது என்று ஷெட்டில் வந்து சொல்வாள். காரியம் செய்ய வேண்டிய நாளைக்கூடக் கேட்டு வைத்திருந்தாள். இப்போது யாரும் கேலி செய்யவில்லை. ஒழுங்காகத் துக்கப்படுகிறவளிடம் கேலி செய்ய எதுவும் இருக்கவில்லை.

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் அவளைச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அதற்கும் எவாஞ்சலினைத்தான் கூட்டிப்போனாள். அங்கே ஒரு குமாஸ்தா, நல்ல மனிதர், இருவரையும் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அந்தப் பை பொன்மணி இல்லை. அது காரியாபட்டிப் பக்கத்து ஆள் ஒருவருடையது. அவருடைய மீதியை வீட்டார் அப்போதே வாங்கிப் புதைத்துவிட்டார்கள். இதையும் நேற்றுக் காலையில் வந்து வாங்கிப் போய்விட்டார்கள்.

"கொண்டு போயிட்டாகளா?" என்றாள் செல்லத்தாய்.

"அவங்களோடதுதானம்மா."

"அப்ப எம்மக?"

குமாஸ்தா இன்னொரு காகிதத்தைப் புரட்டினார். "பாடி இல்லாம உடனே சர்டிபிகேட் குடுக்க முடியாதும்மா. காணாமப் போனவங்கன்னு எழுதிருக்கு. ஏழு வருசம் பாக்கணும்."

"எங்க பாக்கணும் சார்?"

அவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். எவாஞ்சலின் எழுந்து, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

மறுநாள் செல்லத்தாய் வேலைக்கு வந்தாள். வழக்கமான இடத்தில், எவாஞ்சலினுக்கு எதிரே உட்கார்ந்தாள். பத்துக் குழாய் உருட்டியிருப்பாள்.

"தாயி."

"என்ன அத்தே?"

"பூமிக்குள்ள எடமில்ல. பையிலயும் இல்ல. அப்ப எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாது அத்தே."

"நீ படிச்ச புள்ள. எதையாச்சும் சொல்லு. வாசிக்க வேணாம். நீயாச் சொன்னாலும் போதும்."

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எவாஞ்சலின் குனிந்துகொண்டாள். முன்பு அவ்வளவு எளிதாக வந்ததில் இப்போது ஒரு சொல்கூட வரவில்லை. செல்லத்தாய் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். கேட் வரை நடந்தபோது கேட்டாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

சனிக்கிழமை எவாஞ்சலின் உக்கிரபாண்டியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, என்னைய அந்தக் கடைசி வரிசைக்கு மாத்திவிடுங்க."

"அங்கன காத்து வராதேம்மா."

"பரவால்ல அண்ணாச்சி."

திங்கட்கிழமை அவள் கடைசி வரிசையில், சுவரோரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். மதியம் வாசிக்க வரச் சொல்லி அய்யம்மாள் கூப்பிட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள். தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருந்தாள். பலகை இழுபடும் சத்தம் கேட்டது. சட்டி வைக்கும் சத்தமும் கேட்டது. செல்லத்தாய் இரண்டு வரிசையைக் கடந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு தாயி," என்றாள்.

"பேசாம உருட்டுங்கத்தே," என்றாள் எவாஞ்சலின்.